பதினான்கு சோடியும் ஒரு பஸ்ஸும்

குறூப் டூர் என்று சொன்னால் எங்கட வயதுக்காரர் முதலில் சிரிப்பார்கள். ஓய்வுபெற்ற ஆக்கள் தொப்பி போட்டுக்கொண்டு, கொடி பிடிக்கிற ஒருவருக்குப் பின்னால் வரிசையாகப் போறது. பத்து நிமிசத்தில் கோயில், இருபது நிமிசத்தில் மியூசியம், பிறகு ஒரு மணித்தியாலம் முத்துக் கடை. முதுகில் பையைக் கொழுவிக்கொண்டு தனியாகப் போறதுதான் பயணம், மற்றதெல்லாம் வெறும் பக்கேஜ் என்று நாங்களும் கூட்டாளிமாரோடு இருந்து கதைத்திருக்கிறோம். ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு லீவில் நாங்கள் இருவரும் போனது அப்படியொரு பக்கேஜில்தான். வியட்நாம். எட்டு நாள், ஏழு இரவு, பதினான்கு சோடி, ஒரு பஸ். ஊருக்கு ஊர் பஸ் மாறினது உண்மை. ஆனால் முதல் நாள் பிடித்த சீற்றை ஒருவரும் கடைசி வரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, அதால ஒரு பஸ் எண்டே வைப்பம்.

'நாங்கள்' யார் என்று சொல்லவேணும். 2024 இல் எங்களுக்கு எழுத்து முடிந்தது. ஒராள் கலைப்பீடத்தில் இறுதி வருடம், மற்றாள் ஒரு கடையில் கணக்கு எழுதுகிற ஆள். ஒராள் யாழ்ப்பாணம் டவுன், மற்றாள் கிளிநொச்சி. 2009 இல் ரெண்டு பேருக்கும் ஏழு வயது. அந்த ஏழு வயது டவுன்காரருக்கு ஊரடங்கும் பள்ளிக்கூடமும். கிளிநொச்சிக்காரருக்கு அது பங்கர், பிறகு மெனிக் பாம் முகாம். இதைப்பற்றி நாங்கள் ஒருநாளும் வடிவாகக் கதைத்ததில்லை. "அது முடிஞ்சுது தானே" எண்டு ஒராள் சொல்லுவார். "சரி" எண்டு மற்றாள் விட்டிடுவார். இதை எழுதுவது கலைப்பீடத்து ஆள்தான். ஆனால் ஒவ்வொரு பந்தியையும் மற்றாள் வாசித்து, "இது இப்பிடி இல்லை" எண்டு திருத்தித்தான் விட்டவர். அதனால்தான் 'நாங்கள்'.

காசு லண்டனில் இருக்கிற சித்தியின் கல்யாணப் பரிசு. "நகை வாங்காதேங்கோ, எங்கயாவது ஒருக்கா போட்டு வாங்கோ" எண்டு சொல்லித்தான் அனுப்பினவ. இலங்கைப் பாஸ்போட்டோடு 'எங்கயாவது' என்பது பெரிய பட்டியல் இல்லை. வியட்நாமுக்கு இணையத்திலேயே ஈ-விசா எடுக்கலாம், ஒரு தடவை போய்வர 25 டொலர். அவ்வளவு யோசனையோடுதான் நாட்டைத் தெரிவு செய்தோம். அங்கே என்ன பார்க்கப் போகிறோம் என்று பெரிதாக நினைக்கவில்லை. ஹா லோங் விரிகுடாவின் படம் ஒன்று போதுமாக இருந்தது.

குழுவில் கொழும்பு, நீர்கொழும்பு, குருநாகல், காலி ஆக்கள். பெரும்பாலும் சிங்களச் சோடிகள், ரெண்டு முஸ்லிம் சோடிகள், வெள்ளவத்தையில் இருந்து ஒரு தமிழ் அங்கிளும் அன்ரியும். வடக்கிலிருந்து நாங்கள் மட்டும். முதல் நாள் எல்லாரும் எல்லாருக்கும் புன்னகை மட்டும் காட்டினோம். மூன்றாம் நாள் ஃபோ சூப்புக்கு எதிராகப் பஸ் முழுக்க ஒன்றுபட்டுவிட்டது. நீர்கொழும்பு அன்ரி ஒராள் லுணுமிரிஸ் போத்தலை எடுத்தார், அது கடைசி சீற் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. எங்கட பையில் இருந்த மிளகாய்ப் பொரியலும் வெளியில் வந்தது. இந்த நாட்டில் எத்தனையோ மாநாடு வைத்தும் செய்யேலாமல் போன வேலையை மாசியும் கொச்சிக்காயும் செய்ததைக் கண்ணால் கண்டோம்.

முதல் நகரம் ஹோ சி மின். ஆக்கள் கதைக்கும்போது இப்பவும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். 1975 ஏப்ரல் 30 இல் வடக்கின் டாங்கிகள் அங்குள்ள ஜனாதிபதி மாளிகையின் கேற்றை உடைத்துக்கொண்டு உள்ளே போனதோடு போர் முடிந்தது. நாங்கள் போனபோது அதன் 50 ஆவது ஆண்டு நிறைவுக்கு ரெண்டு கிழமைதான் இருந்தது. வீதி முழுக்கச் சிவப்புக் கொடி. மாளிகை வாசலில் டாங்கிக்கு முன்னால் எங்கட குழு வரிசையில் நின்று சோடி சோடியாகப் படம் எடுத்தது. நாங்களும் எடுத்தோம்.

அங்கிருந்து போர் எச்சங்கள் மியூசியம். கலைப்பீடத்து ஆள் அதிகம் நின்று பார்த்தது படங்களைவிட அந்த இடத்தின் பெயரைத்தான். 1975 இல் அதைத் திறந்தபோது வைத்த பெயரில் அமெரிக்காவும் அதன் 'பொம்மை' அரசும் செய்த குற்றங்கள் என்றே இருந்தது. 1990 இல் அந்த ரெண்டு பேரையும் எடுத்துவிட்டுப் போர்க் குற்றங்களும் ஆக்கிரமிப்பும் என்று மாற்றினார்கள். 1995 இல், அமெரிக்காவோடு இராஜதந்திர உறவு திரும்ப வந்த வருடத்தில், அது 'போர் எச்சங்கள்' ஆனது. உள்ளே இருக்கிற படங்கள் கடுமையானவைதான். ஆனால் வாசலில் இருக்கிற பெயர், யார் விருந்தாளியாக வருகிறார் என்பதைப் பார்த்து மெல்ல மெல்ல மெதுமையாகியிருக்கிறது. உள்ளே ஒரு பகுதியில், அந்தப் போரில் செத்துப்போன புகைப்படக்காரர்கள் எடுத்த படங்கள் இருக்கின்றன. ரெண்டு பக்கத்துப் படப்பிடிப்பாளர்களும் ஒரே சுவரில். குழுவுக்குக் கொடுத்த நேரம் ஒரு மணித்தியாலம். அந்தச் சுவருக்கு முன்னால் நாங்கள் நின்றது ஐந்து நிமிசம். டூர் லீடரின் விசில் கேட்டது.

பின்னேரம் ரெண்டு மணித்தியாலம் 'ஷொப்பிங்' என்று விட்டார்கள். வெள்ளவத்தை அங்கிள், "இங்க எங்கட அம்மன் கோயில் ஒண்டு இருக்காம், வாங்கோ" எண்டு கூட்டிக்கொண்டு போனார். நகரத்தின் நடுவில், 19 ஆம் நூற்றாண்டில் தமிழ் வியாபாரிகள் கட்டின மாரியம்மன் கோயில். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் செட்டிமாரும் பாண்டிச்சேரி, காரைக்கால் ஆக்களும் அங்கே தொழில் செய்தார்கள். 1975 க்குப் பிறகு அநேகமாக எல்லாரும் போய்விட்டார்கள். ஆனால் கோயில் நிரம்பி வழிந்தது. வியட்நாம் ஆக்களும் சீன ஆக்களும் கட்டுக் கட்டாக ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். மூலஸ்தானத்துக்குப் பின்பக்கம் போய், கற்சுவரில் நெற்றியை வைத்து அம்மனிடம் ஏதோ முணுமுணுக்கிறார்கள். கட்டின ஆக்கள் போன பிறகும் விளக்கு எரிகிறது, வேறு ஆக்களின் கையால். கிளிநொச்சிக்காரர் அந்தச் சுவரில் நெற்றியை வைத்துவிட்டுக் கன நேரம் எழும்பவில்லை. என்ன சொன்னனீங்கள் எண்டு மற்றாள் கேட்கவில்லை.

அடுத்த நாள் கூச்சி. இந்தக் கட்டுரை எழுத வெளிக்கிட்டதே இந்த இடத்தால்தான். சைகோனில் இருந்து வடமேற்காக ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பஸ். பிரெஞ்சுக்காரரோடு சண்டை நடந்த காலத்தில் தோண்டத் தொடங்கி, அமெரிக்கர் வந்த பிறகு இருநூறு கிலோமீற்றருக்கும் மேல் நீண்ட சுரங்கப் பாதைகள். நிலத்துக்குக் கீழே அடுப்படி, ஆசுப்பத்திரி, கூட்டம் நடத்திற அறை. சமைக்கிற புகையைத் தூரத்துக்குக் கொண்டுபோய்ச் சிறிது சிறிதாக வெளியே விடுகிற வழி. பயணிகள் போகிற துண்டைக் கொஞ்சம் அகலமாக்கியிருக்கிறார்கள். ஒரு ஆள் மட்டும் இறங்கக்கூடிய மறைவுக்குழிக்குள் குழுவில் எல்லாரும் முறை வைத்து இறங்கி, பலகை மூடியைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுத்தார்கள். எல்லாருக்கும் சரியான சந்தோசம்.

எங்களில் ஒராள் இறங்கவில்லை. "எங்கட பங்கர் இவ்வளவு ஆழம் இல்லை" எண்டு மட்டும் சொன்னார், அதுவும் மெதுவாக. பிறகு துண்டு துண்டாக வந்தது. கிளிநொச்சியில் இருக்கும்போது செம்மண், மேலே பனங்குத்தி போட்டு மண் நிரப்பினால் நிற்கும். கடைசியில் கடற்கரை மணல், தோண்டத் தோண்டச் சரியும், கொஞ்சம் ஆழமாகப் போனால் தண்ணி வரும். அதனால்தான் மேலே மண்மூட்டை அடுக்கினது. சாக்கு இல்லாததால் சீலையை வெட்டித் தைச்சது. "அம்மான்ர கூறைச்சீலையும் அதுக்குள்ள போச்சு."

அங்கேயே ஒரு சுடுதளம் இருக்கிறது. காசு கட்டினால் ஏகே-47 ஓ எம்-16 ஓ தருவார்கள், சன்னத்துக்கு இவ்வளவு என்று விலை. ஒரு இளஞ்சோடி ஆளுக்கு ஐந்து வெடி வைக்கப் போனது. மரங்களுக்குள்ளால் அந்தச் சத்தம் வரத் தொடங்க எங்களில் ஒராளின் கை குளிர்ந்து போச்சு. மற்றாளுக்கு என்ன செய்யிறதென்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றுலாக்காரருக்குச் சாப்பாடு தருகிற கொட்டிலில் போய் இருந்தோம்.

கொண்டுவந்து வைத்தது அவித்த மரவள்ளிக்கிழங்கு. வறுத்த நிலக்கடலை, எள்ளு, உப்பு, சீனி சேர்த்து இடித்த தூளில் தொட்டுச் சாப்பிடவேணும். போர்க் காலத்தில் இதுதான் எங்கட சாப்பாடு என்று கறுத்த உடுப்பும் கட்டம் போட்ட துண்டும் போட்ட வழிகாட்டி சொன்னார். குருநாகல் அங்கிளும் அன்ரியும் எங்களுக்கு முன்னால் இருந்தார்கள். ரெண்டு பேரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். "மஞ்ஞொக்கா" எண்டு அன்ரி சிரித்தார். "உங்கட பக்கத்திலயும் இருக்கா?" இருக்கு, சம்பலோட சாப்பிடுவம் எண்டு சொன்னோம். அப்போதுதான் அங்கிள் சொன்னார், நல்ல மனதோடுதான் சொன்னார்: 2010 இல் பாதை திறந்த பிறகு அவர்களும் பஸ் பிடித்து வடக்குக்கு வந்தவர்களாம். நாகவிகாரை, நயினாதீவு. வழியில் கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணித் தாங்கியை இறங்கிப் பார்த்தார்களாம், படமும் எடுத்தார்களாம்.

அந்தத் தாங்கியை எங்கட ஆக்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஏ-9 வீதியோரம் அது கவிழ்ந்து கிடந்தபடியே காட்சிப்பொருளானது, பக்கத்தில் நினைவுப்பொருள் கடையும் வந்தது. அந்த வருடம் எங்களில் ஒராளுக்கு எட்டு வயது. முகாமில் இருந்து திரும்பி வந்து, தறப்பாள் கொட்டிலில் இருந்த காலம். தெற்கிலிருந்து வரிசையாக வந்த பஸ்களுக்கு வீதிக்கரையில் நின்று கை காட்டினது நினைவிருக்காம். பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் கை காட்டுவார்களாம். ஒருவரும் இறங்கிக் கதைத்ததில்லை. அதை அங்கிளுக்குச் சொல்லுவதா விடுவதா என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சொன்னோம். "அந்தப் பஸ்ஸுகளை நாங்களும் பார்த்தனாங்கள், அங்கிள். வெளியில நிண்டு." அவர் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்ரிதான் மேசையில் கை நீட்டி எங்கட கையைத் தொட்டார். பிறகு விசில்.

அன்று முழுக்கப் பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்தோம். கூச்சியிலும் கிளிநொச்சியிலும் பஸ் ஒன்றுதான், கமரா ஒன்றுதான், அவசரம் ஒன்றுதான். ஆனால் கூச்சியில் கதை சொல்லுகிறவர்கள் அந்தப் பங்கரைத் தோண்டினவர்களின் வழி வந்தவர்கள். தங்கட கிழங்கைத் தாங்களே அவித்து வருகிறவருக்குக் கொடுக்கிறார்கள். எங்கட ஊரில் அந்த நாளில் வந்த பஸ்களுக்குக் கதை சொன்னது இராணுவம். கிளிநொச்சியில் செல் பாய்ந்த சீமெந்துக் கட்டியில் தாமரை மலர்வது மாதிரி ஒரு வெற்றித்தூணும் இருக்கிறது. புதுக்குடியிருப்புக் காட்டுக்குள் இருந்த புலிகளின் தலைவரின் நிலக்கீழ் வீட்டை ஆயிரக்கணக்கான ஆக்களுக்குக் காட்டினார்கள், 2013 ஒக்டோபரில் அதையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சனம் எங்கே இருந்தது, என்னத்தைச் சாப்பிட்டது என்று சொல்ல ஒரு கொட்டில்கூட அங்கே இருக்கவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் வியட்நாமை ஒரு நல்ல உதாரணமாக்கி, ஊருக்கு வந்து ஒரு போஸ்ட் போட்டிருப்போம். ஆனால் பஸ் நிற்கவில்லை.

விமானத்தில் டா நாங். அங்கிருந்து மி சொன், சம்பா அரசர்கள் 4 ஆம் நூற்றாண்டில் இருந்து 13 ஆம் நூற்றாண்டு வரைக்கும் கட்டின சிவன் கோயில்கள். மலைக்கு நடுவில் சிவந்த செங்கல் கோபுரங்கள். இடிபாட்டுக்குள் லிங்கம். எங்கட அங்கிளும் அன்ரியும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள், குருநாகல் அன்ரியும் கூடக் கும்பிட்டார். 1969 ஓகஸ்டில் அமெரிக்க பி-52 விமானங்கள் போட்ட குண்டில் அங்கிருந்த மிகப் பெரிய கோபுரம் இல்லாமல் போனது. குண்டு விழுந்த குழிகள் கோயிலுக்குப் பக்கத்திலேயே புல் முளைத்துக் கிடக்கின்றன. பிறகு வந்து சில கட்டடத் தொகுதிகளைத் திருத்திக் கொடுத்தது இந்தியத் தொல்லியல் துறை. 2020 இல் அந்த வேலையின்போதுதான் மண்ணுக்குள் இருந்து 9 ஆம் நூற்றாண்டு மணற்கல் லிங்கம் ஒன்று வெளியில் வந்தது. சம்பா இராச்சியம் இன்றைக்கு இல்லை. அந்த மக்களின் வழிவந்த சாம் இனத்தவர் சிறுபான்மையாக இருக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கோயிலைக் காட்டினவர் சாம் இல்லை.

இரவு ஹோய் ஆன். பழைய துறைமுக நகரம், ஆறு, நூற்றுக்கணக்கான துணி விளக்குகள். குழுவில் எல்லாச் சோடியும் வள்ளத்தில் ஏறிக் கடதாசி விளக்கை ஆற்றில் விட்டது. விளக்கு விடும்போது ஏதாவது வேண்டவேணுமாம். எங்களில் ஒராள், "அம்மம்மாவுக்கு" எண்டு சொன்னார். அன்றைக்குத்தான் முழுக் கதையும் வந்தது. அம்மம்மாவுக்கு முழங்கால் ஏலாது, பங்கருக்குள் இறங்கமாட்டா. வாசலில் சாய்ந்திருந்து, "நீங்கள் இறங்குங்கோ, நான் பாக்கிறன்" எண்டு சொல்லுவா. அவவைப் புதைத்த இடம் தெரியும் எண்டு அப்பா சொல்லுவார். ஆனால் திரும்பிப் போனபோது அந்த மணலில் ஒன்றையும் அடையாளம் பிடிக்க முடியவில்லை. ஏழு வயதில் நடந்ததை இருபத்திமூன்று வயதில், வேறொரு நாட்டு ஆற்றங்கரையில், கல்யாணம் முடித்த ஆளுக்கு முதல் தடவையாகச் சொல்லவேண்டி வந்தது. கேட்ட ஆள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கிறது மட்டும்தான் அப்போது செய்யக்கூடியதாக இருந்தது.

ஹுவே பழைய அரச நகரம். 1802 முதல் 1945 வரைக்கும் இங்குயென் அரசர்களின் தலைநகர். 1968 தை மாதக் கடைசியில், வியட்நாமியரின் 'டெட்' புத்தாண்டில், வடக்கின் படையும் தெற்கின் கெரில்லாக்களும் நகரத்தைப் பிடித்து மூன்று கிழமைக்கு மேல் வைத்திருந்தார்கள். திரும்பப் பிடிக்க நடந்த சண்டையில் அரண்மனையின் பெரும் பகுதி அழிந்தது. வழிகாட்டி இவ்வளவும் சொன்னார். நகரத்தைப் பிடித்து வைத்திருந்தவர்கள் அந்த நாட்களில் பொதுமக்களைக் கொன்று புதைத்ததை அவர் சொல்லவில்லை. கலைப்பீடத்து ஆள் படித்திருந்தபடியால் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வைத்துத் தனியாகக் கேட்டார். வழிகாட்டி சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கட குடும்பத்தில ஒரு பெரியப்பா அந்தப் பக்கம், ஒரு மாமா இந்தப் பக்கம். ரெண்டு பேரும் வரவில்லை. பாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் படைப்பா" என்ற கருத்தில் ஆங்கிலத்தில் சொன்னார்.

தோற்ற பக்கத்துச் சிப்பாய்களுக்கும் ஒரு மயானம் இருக்கிறது, சைகோனுக்கும் பியென் ஹோவாவுக்கும் பக்கத்தில். 2006 வரைக்கும் அது இராணுவத்தின் கையில் இருந்தது. எந்தக் குழுவின் பயணத்திட்டத்திலும் அது வராது. எங்கட துயிலும் இல்லங்களை நினைத்தால் அங்கே கல்லாவது மிஞ்சியிருக்கிறது. வென்றவர்களின் மியூசியம் எவ்வளவு உண்மையைச் சொன்னாலும் பாதியைத்தான் சொல்லும் என்பது ஹுவேயில் விளங்கிச்சு. நாங்கள் வென்றிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போமோ என்ற கேள்வி ஹனோய் விமானத்தில் எங்களுக்கு நடுவில் இருந்தது. எங்களுக்குள் அதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

வடக்கில் நிலம் வேறு மாதிரி. நின் பின்னில் வயலுக்கு நடுவில் இருந்து செங்குத்தாக எழும்புகிற சுண்ணாம்புக்கல் மலைகள். டாம் கொக் ஆற்றில் பெண்கள் படுத்தபடி காலால் துடுப்பு வலிக்கிறார்கள், கை இளைப்பாறுகிறது. எங்களுக்கு வலித்தவவுக்கு எங்கட அம்மாமாரின் வயதிருக்கும். கடைசி நாள் ஹா லோங், கடலுக்குள் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட கல்தீவுகள். படத்தில் பார்த்ததைவிட வடிவு. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும். கப்பலின் மேல்தட்டில் எல்லாச் சோடியும் கையை விரித்து நின்று படம் எடுத்தது. எங்களை எடுத்துத் தந்தது குருநாகல் அங்கிள்.

குறூப் டூரைப் பற்றி இப்போது நாங்கள் சிரிக்கிறதில்லை. தனியாகப் போயிருந்தால் எங்களுக்குப் பிடித்த இடத்தில் பிடித்த அளவு நின்றிருப்போம். ஆனால் 2010 இல் எங்கட வீதியால் போன பஸ்ஸுக்குள் இருந்த ஒருவரோடு ஒரே மேசையில் இருந்து கிழங்கு சாப்பிட்டிருக்க மாட்டோம். பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாரும் கேளிக்கைக்கு வருகிறவர்கள் இல்லை. சொல்ல ஆள் இல்லாததால் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள்.

மே 18 இல் நாங்கள் முள்ளிவாய்க்காலுக்குப் போனோம். எங்களில் ஒராளுக்கு இது வழமை, மற்றாளுக்கு அந்த மணலில் கால் வைத்தது அதுதான் முதல் தரம். கஞ்சி கொடுத்தார்கள். அரிசி, தண்ணி, உப்பு. கடைசி மாதங்களில் சனத்தைக் காப்பாற்றினது அந்தக் கஞ்சிதான். அதைக் காய்ச்சினதற்காக 2024 மே மாதத்தில் சம்பூர்ப் பகுதியில் ஆக்களைக் கைது செய்ததும் நினைவிருக்கும். சிரட்டையில் வாங்கி, அம்மம்மாவின் பெயரைச் சொல்லிக் குடித்தோம்.

டூர் குழுவின் வட்ஸ்அப் இன்னும் உயிரோடு இருக்கிறது, காலையில் பூப்படம், பின்னேரம் பகிடி. கஞ்சியின் படத்தை அதில் போடவில்லை. குருநாகல் அங்கிளுக்குத் தனியாக அனுப்பி, இது என்ன என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினோம். ரெண்டு நாளாகப் பதில் இல்லை. மூன்றாம் நாள், தாங்கள் வந்து பார்க்கலாமோ, அன்ரிக்கு அந்தக் கஞ்சியை எப்படிக் காய்ச்சிறதென்று கேட்கவேணுமாம் என்று வந்தது. வாங்கோ எண்டு எழுதினோம். பஸ்ஸில் வேண்டாம், யாழ்ப்பாண ரயிலில் ஏறிக் கிளிநொச்சியில் இறங்குங்கோ, ஸ்டேசனுக்கு நாங்கள் வாறம் எண்டும் எழுதினோம். ஆவணியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.